ஐ சி முத்திரை போட்ட வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கி: ஜான் கேஃப் செய்ததா?

பழசுப்பெட்டி:
யார்க்‌ஷயரில் ஒரு ஏலத்தில் ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தாங்கி எடுத்தேன். ஸ்டெர்லிங் வெள்ளி. உயரம் ஓரடிக்குக் கொஞ்சம் கம்மி, தண்டில் ஆட்டுத்தலையும் மாலைத் தோரணமும். பீடத்தின் ஓரத்தில் நடக்கும் சிங்கம், கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, சின்ன எழுத்து 'பி' (b), அப்புறம் 'ஐ சி' (IC). வேறு முத்திரை இல்லை. விற்றவர், இது லண்டன் வெள்ளிக்கொல்லர் ஜான் கேஃப் 1750களில் செய்தது என்கிறார். நம்பலாமா? அடியில் பச்சைத் துணி ஒட்டியிருக்கிறது, பிரித்துப் பார்க்கட்டுமா?

தராசுமுள்:
கேஃப் இல்லை. அவர் தன் பெயர் முத்திரையை லண்டனில் பதிவு செய்தது 1740இல், இறந்தது 1757இல். உங்கள் சிறுத்தைத் தலை லண்டன் முத்திரை, சின்ன எழுத்து ஆண்டைக் குறிப்பது, 'ஐ சி' செய்தவரின் பெயரெழுத்து. 1730க்குப் பிறகு லண்டனில் கிரீடம் வைத்த சிறுத்தைத் தலையோடு சின்ன 'பி' வந்த ஆண்டுகள் 1737, 1777, 1817. முதலாவதில் கேஃபுக்கு முத்திரையே கிடையாது. 1817 என்றால் அரசர் தலை போட்ட வரி முத்திரை இருந்தாக வேண்டும், 1784 முதல் 1890 வரை அதைக் குத்தினார்கள், உங்களுடையதில் அது இல்லை. மிச்சம் 1777தான். அந்த வருடத்துக்கு 'ஐ சி' என்றால் ஜான் கார்ட்டர், அப்போதெல்லாம் 'ஜே'க்கும் 'ஐ'தான் போடுவார்கள். ஆட்டுத்தலை, தோரணமெல்லாம் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் காலத்து மோஸ்தர், கேஃப் காலத்தில் சிப்பியும் சுருளும்தான். பெயர் பெரியதென்றால் விலையை ஏற்றலாம், ஏலக்காரர்கள் வேறெதற்கு இதைச் சொல்வார்கள்!

ஷெஃபீல்டுவாசி:
தேதி சரி. ஆனால் கார்ட்டர் 'செய்தார்' என்று உடனே எழுதிவிடாதீர்கள். வட இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டில் செய்ததை வாங்கி, அங்கே குத்திய முத்திரைக்கு மேலேயே தன் எழுத்தை அடித்து, லண்டன் முத்திரையும் குத்தவைத்து விற்றவர் அவர். பூதக்கண்ணாடி வைத்து 'ஐ சி'யின் விளிம்பைப் பாருங்கள், அடியில் பழைய கோடு ஏதாவது எட்டிப் பார்த்தால் விஷயம் சுவாரசியம்.

துணியைப் பிரிக்க வேண்டாம். கேஃப் காலத்து லண்டன் வேலை வார்ப்பு, தண்டை இரண்டு பாதியாக வார்த்துப் பற்றவைப்பார்கள், கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஷெஃபீல்டு வேலையோ மெல்லிய தகட்டை எஃகு அச்சில் அடித்து, நடுவில் இரும்புக் கம்பி நிறுத்தி, உள்ளே பிசின் கலவை நிரப்புவது. நம்மூர் நகைக்குள் அரக்கு அடைப்பார்களே, அதே மாதிரி. முத்திரை ஓரத்தில் இருப்பதும் துணி ஒட்டியிருப்பதும் இந்த வகைக்குத்தான் பொருந்துகிறது.

பழசுப்பெட்டி:
ஒன்றின் எடை 700 கிராம் வந்தது. அப்போ அதில் வெள்ளி எவ்வளவு?

ஷெஃபீல்டுவாசி:
நிரப்பியது என்றால் தராசு சொல்வதில் அர்த்தமில்லை, பெரும்பகுதி கம்பியும் பிசினும். அதனால்தான் இந்த வகையை யாரும் அவுன்ஸ் கணக்கில் விற்பதில்லை. உருக்குபவர் கேட்டால் கொடுக்காதீர்கள், ஜோடியாக முழுசாக இருப்பதுதான் மதிப்பு. மேலே கழற்றும் மெழுகுத் தட்டுகளிலும் சிங்கமும் 'ஐ சி'யும் இருக்கிறதா?

தராசுமுள்:
கொதிநீரில் மட்டும் கழுவாதீர்கள். உள்ளே பிசின் இளகினால் தண்டு சாயும், நிமிர்த்த நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.