20 வயதில் டைசன், 23 வயதில் ஜோன்ஸ்: இளம் சாம்பியன்களை எதிர்கொண்ட அனுபவங்கள் (ஓர் உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

இடதுகை

மைக் டைசன் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனபோது வயது 20. ஜான் ஜோன்ஸ், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் யு.எஃப்.சி. அமைப்பின் லைட் ஹெவிவெயிட் பெல்ட்டை (சாம்பியன் பட்டத்தை) வென்றபோது 23. ஹெவிவெயிட்டில் டைசன், யு.எஃப்.சி.யில் ஜோன்ஸ், மிக இளைய சாம்பியன் என்ற இரண்டும் இன்னும் முறியாத சாதனைகள். இவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "எம்.எம்.ஏ. கூண்டுக்குள் டைசன் போயிருந்தால், குத்துச்சண்டை ரிங்குக்குள் ஜோன்ஸ் வந்திருந்தால்" என்ற வாதத்தில் போய் நின்றுவிடுகிறது. அதை இங்கே விட்டுவிடுவோம். சின்ன வயதிலேயே எல்லாரையும் மிஞ்சி நிற்கிற ஒருவரோடு நீங்கள் மோதியிருக்கிறீர்களா? பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? அதை எழுதுங்கள்.

நான் முதலில் சொல்கிறேன். எங்கள் ஜிம்மில் ஒரு பையன் இருந்தான். மீசை சரியாக முளைக்காத வயது. எடையில் நான் கூடுதல், அனுபவத்திலும் கூடுதல். ஆனால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) அவன் முகத்தை என்னால் தொடவே முடியவில்லை. அவன் குத்து அப்படியொன்றும் பலமில்லை. ஒவ்வொரு குத்தை விட்ட பிறகும் அவன் தலை வேறொரு இடத்துக்குப் போயிருக்கும். நான் குறிவைத்த இடம் காலியாக இருக்கும், அதே நொடியில் என் விலாவில் ஒன்று விழும். இதை அவன் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்க நேரமே இல்லை. அவன் உடம்பு அப்படிப் பழகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் 1986 நவம்பர் 22 அன்று லாஸ் வேகாஸில் அப்போதைய சாம்பியன் பெர்பிக்கை டைசன் வென்ற சண்டையை எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரிந்தது. எல்லாரும் கடைசி ஹூக்கை, அந்தப் பக்கவாட்டுக் குத்தைத்தான் பேசுவார்கள். பெர்பிக் எழுந்து, தடுமாறி, மறுபடி விழுந்து, ஒரே குத்துக்கு ரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வரை சரிந்த காட்சி அது. நான் டைசனின் தலையையும் இடுப்பையும் மட்டும் பார்த்தேன். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) வருவதற்குள் தலை வெளியே போய்விடுகிறது, திரும்பும்போது குத்தோடு திரும்புகிறது. பயிற்சியாளர் கஸ் டமாட்டோவிடம் அவர் வந்தபோது 13 வயது வாக்கில் இருக்கும். குத்துகளுக்கு எண் வைத்து, எண்ணைச் சொன்னதும் கை தானாகப் போகிற மாதிரிப் பழக்கினார்கள். 1985 மார்ச்சில் தொழில்முறைக்கு வந்தவர், 20 மாதங்களில் 27 சண்டை ஜெயித்துவிட்டு 28-ஆவதில் பெல்ட்டை எடுத்தார்.

என் கருத்து இது: பாக்சிங்கில் அசைவுகள் குறைவு, ஆழம் அதிகம். அதனால்தான் 20 வயதில் ஒருவர் முழுமையாகத் தயாராகிவிட முடிகிறது.

பாய்விரிப்பு

அண்ணா சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். எம்.எம்.ஏ.வில் கதை வேறு.

நான் மல்யுத்தத்திலிருந்து வந்தவள். எங்கள் வகுப்பில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி சேர்ந்தாள், அவளும் மல்யுத்தம்தான். பிடிக்குள் வந்துவிட்டால் யாராலும் அவளைத் தாங்க முடியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கீழே போட்டு மேலே உட்கார்ந்தால் ஒரு மூட்டை மாதிரி கனம். ஆனால் குத்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணை மூடுகிற பழக்கம் அவளுக்குப் போகவே இல்லை. அதற்குப் பதில், குத்து வருகிற தூரத்தில் நிற்பதையே நிறுத்திவிட்டாள். ஒன்று ரொம்பத் தள்ளி, இல்லை ரொம்பக் கிட்ட. நடுவில் அவளைப் பிடிக்கவே முடியாது. கூண்டில் இளம் வயதில் ஆதிக்கம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் அனுபவம். எல்லாம் தெரிந்திருக்காது. தெரியாத இடத்துக்குச் சண்டை போகவிடாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருக்கும்.

ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனியர் கல்லூரி மல்யுத்த சாம்பியன். 2008 ஏப்ரலில் முதல் தொழில்முறைச் சண்டை, அதே ஆகஸ்ட்டில் யு.எஃப்.சி., 2011 மார்ச் 19-இல் அப்போதைய சாம்பியன் ஷோகுனிடமிருந்து பெல்ட். மூன்று வருஷம்கூட ஆகவில்லை. டைசன் மாதிரி ஒரே கலையைச் சிறுவயதிலிருந்து அரைத்தவர் இல்லை. 84.5 அங்குல கை வீச்சு, அதற்குமேல் எதிராளியின் முழங்காலைக் குறிவைக்கும் உதை. யாருமே அவர் கிட்டே வர முடியவில்லை. கஷ்டப்பட்டு வந்தவர்களை மல்யுத்தமும் முழங்கையும் பார்த்துக்கொண்டன. ஷோகுன் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் சண்டையில்லாமல் வந்தவர் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பின் வரிசையாக ராம்பேஜ், மச்சிடா, ரஷாத் எவான்ஸ், விட்டோர் பெல்ஃபோர்ட் எல்லாரையும் வென்றார். ஷோகுனையும் சேர்த்தால் ஐந்து பேருமே அந்த எடைப் பிரிவின் முன்னாள் சாம்பியன்கள். பெல்ஃபோர்ட் முதல் ரவுண்டிலேயே ஜோன்ஸின் கையைப் பூட்டிப் பிடித்து மடக்கினார். மூட்டு போயிருக்க வேண்டியது. ஜோன்ஸ் தட்டித் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே வந்து நாலாவது ரவுண்டில் அவர் தோளைப் பூட்டி முடித்தார். அந்த ரவுண்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் என் முழங்கை வலிக்கும்.

பெண்களையும் மறக்கவேண்டாம். ஏஞ்சலா லீ 2016-இல் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. அமைப்பின் பட்டத்தை எடுத்தபோது வயது 19. ஐந்து ரவுண்டு முழுக்கப் போன சண்டை அது. 23 எல்லை இல்லை.

காசெட் காலம்

தம்பி, தங்கச்சி ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் டைசனை வீடியோ காசெட்டில் பார்த்து வளர்ந்தவன். ஸ்பிங்க்ஸோட டைசன் மோதின சண்டை, 1988 ஜூன். 31 சண்டை தோற்காத மனுஷன் ஸ்பிங்க்ஸ், 91 செகண்ட்ல முடிஞ்சுது. அந்த காசெட்டைப் போட்டா மணியடிக்கிறதுக்கு முந்தி ஸ்பிங்க்ஸ் முகத்தைப் பாருங்க. அங்கேயே பாதி முடிஞ்சிருக்கும்.

நான் பல வருஷம் பையன்களுக்குக் கார்னர்ல, அதாவது ரிங் மூலையில உதவிக்கு, நின்னிருக்கேன். டைசன் மாதிரி ஒருத்தன் எங்ககிட்ட வந்தான். எல்லாரையும் முதல் ரவுண்டுலயே முடிச்சிருவான். பெரிய ஆளா வருவான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். அப்புறம் சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு கோச்சை மாத்தினான். புது கோச் பலத்தையே பேசினார். தலை அசைவு கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோச்சு. குத்து மட்டும் இருந்துச்சு. அடுத்து வந்த எதிராளி நல்ல ஜாப் வச்சிருந்தான், பயமும் இல்லை. மூணு ரவுண்டும் ஜாப்லயே நிறுத்திட்டான். எங்க பையன் முகத்துல நான் பார்த்தது வலி இல்லை, குழப்பம். இதுக்கு என்ன பண்ணணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலை.

டைசன் டோக்கியோல தோத்த கதையும் அதேதான். 1990 பிப்ரவரி 11, பஸ்டர் டக்ளஸ். டக்ளஸ் ஜெயிச்சா 42-க்கு 1னு பந்தயக்காரங்க குடுத்த சண்டை. அம்மாவை இழந்து ஒரு மாசம்கூட ஆகாத மனுஷன் டக்ளஸ், பயப்படுற நிலையைத் தாண்டி வந்திருந்தார். பழைய கோச் கெவின் ரூனியை டைசன் 1988 கடைசியிலேயே விட்டாச்சு. கார்னர்ல இருந்தவங்க கண் வீக்கத்தை அழுத்துற இரும்புகூட எடுத்துட்டு வரலை. ரப்பர் கையுறையில ஐஸ் தண்ணி நிரப்பி வச்சு அழுத்தினாங்க! உலக சாம்பியனுக்கு! நானும் கார்னர்ல நின்னவன், அதைப் பார்க்க எனக்கு இன்னிக்கும் கோபம் வரும். எட்டாவது ரவுண்டுல கீழிருந்து மேலே போற ஒரு அப்பர்கட்ல டக்ளஸைக் கீழே தள்ளினார் டைசன், பலம் இருந்துச்சு. பத்தாவதுல அவரே விழுந்து, தரையில வாய்க்கவசத்தைத் தேடினார்.

ஒண்ணு கவனிச்சீங்களா? அன்னைக்கு டைசனுக்கு வயசு 23. ஜோன்ஸ் பெல்ட் வாங்கின அதே வயசு. ஒருத்தர் ஆட்சி முடியற வயசுல இன்னொருத்தர் ஆட்சி ஆரம்பிக்குது. சின்ன வயசு சாம்பியனோட திறமையை நான் அளக்கமாட்டேன். பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பார்ப்பேன்.

இடதுகை

அண்ணே, கார்னர் விஷயம் நூற்றுக்கு நூறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டைசனுக்கு நீண்ட சண்டை பழக்கமில்லை என்று சிலர் எழுதுவார்கள், அது தப்பு. 1986 மே மாதத்திலேயே டில்லிஸ், மிட்ச் கிரீன் இருவரோடும் பத்து ரவுண்டு முழுக்கப் போனார். 1987-இல் போன்க்ரஷர் ஸ்மித், டோனி டக்கர் இருவரோடும் பன்னிரண்டு. நீண்ட சண்டைகள் இருந்தன. பின்தங்கி, பிறகு மீண்டு ஜெயிக்க வேண்டிய சண்டைதான் அவருக்கு வரவில்லை.

ஜோன்ஸுக்கு அது வந்தது. 2013 செப்டம்பர், டொராண்டோ, அலெக்சாண்டர் குஸ்டாஃப்சன். பெல்ட் வாங்கிய பிறகு உயரத்தில் சமமான ஒருவர் முதல்முறையாக எதிரே நிற்கிறார். முதல் ரவுண்டிலேயே ஜோன்ஸைப் பிடித்துக் கீழே போட்டார், யு.எஃப்.சி.யில் அதுவரை யாரும் போட்டதில்லை. கண்ணுக்கு மேலே வெட்டு, ரத்தம். நாலாவது ரவுண்டின் கடைசியில் சுழன்று விட்ட முழங்கையில்தான் சண்டை திரும்பியது. ஐந்தாவதும் ஜோன்ஸ் பக்கம், மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள். கார்னரில் பயிற்சியாளர் கிரெக் ஜாக்சன், பெல்ட் வாங்குவதற்கு முன்பிருந்தே கூட இருந்தவர். அண்ணன் சொன்ன கணக்கு இங்கே நேராக நிற்கிறது.

எடை குறைவு

எல்லாரும் பெரிய உடம்புக்காரர்களையே பேசுகிறீர்கள். குத்துச்சண்டையில் சின்ன எடையில் வயது இன்னும் கீழே போகும். வில்ஃபிரெட் பெனிடெஸ் 1976-இல் 17 வயதில் உலக சாம்பியன். நவோயா இனோவே 2014-இல் 20 வயதில், ஆறாவது சண்டையில். அதே வருஷக் கடைசியில் இரண்டு எடைப் பிரிவு மேலே போய், அங்கே சாம்பியனாக இருந்த நர்வாயெஸை இரண்டாவது ரவுண்டில் முடித்தார். நான் இனோவே எடையில் சண்டை போடுகிறவன். அந்த எடையில் இப்படி விலாவில் அடிக்க முடியும் என்று அதுவரை நான் நம்பியதில்லை.

பாய்விரிப்பு

இதையும் சொல்லியாக வேண்டும். டைசன் 1992-இல் பாலியல் வல்லுறவு வழக்கில் தண்டனை பெற்றவர். 2015-இல் ஜோன்ஸ் சிக்னலில் மோதிவிட்டு ஓடியதில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் காயப்பட்டார், பட்டமும் பறிக்கப்பட்டது. இரண்டு பேர் திறமையையும் நான் ரசித்தே பார்க்கிறேன். ஆனால் "சின்ன வயசுப் புகழ், தடுமாறிட்டாங்க" என்று எழுதித் தாண்டிப் போவதை என்னால் ஏற்க முடியாது. அடிபட்டவர்கள் ரிங்கில் ஏறச் சம்மதித்தவர்கள் இல்லை.

காசெட் காலம்

தங்கச்சி சொன்னது சரி. அதனாலதான் இப்போ என்கிட்ட இருக்கிற பையன்களுக்கு நான் ஒரு விதி வச்சிருக்கேன். ஒருத்தன் எல்லாரையும் சுலபமா ஜெயிக்க ஆரம்பிச்சா, ஸ்பாரிங்ல அவனை மூணு ரவுண்டு களைச்சுப் போகவிட்டு, நாலாவதுல புதுசா ஒருத்தனை உள்ளே அனுப்புவேன். நல்ல ஜாப் இருக்கிற, உயரமான ஆள். அந்த ரவுண்டுல குத்து எத்தனை விழுதுன்னு நான் எண்ண மாட்டேன். இடைவேளையில ஸ்டூல்ல உட்காரும்போது கார்னர் சொல்றது அவன் காதுல ஏறுதா, தலை இன்னும் அசையுதா, அது ரெண்டையும் பார்ப்பேன். இப்போ இருக்கிற பொண்ணு ஒருத்திக்குப் போன வாரம்தான் அது ஆரம்பிச்சிருக்கு. முதல் தடவை கோபப்பட்டா. ரெண்டாவது தடவை, "அவரோட ஜாப்புக்கு உள்ள போறது எப்படி மாஸ்டர்?"னு கேட்டா. வெளிப்பக்கமா தலையை எடுத்து, முன்கால் கூடவே போகணும்னு காட்டியிருக்கேன், இன்னும் கால் பின்தங்குது.