மறு: ட்ரனியனுக்கு என்ன பேர் வைக்கலாம்? என் ஓட்டு குடுமிக்கூடு

வணக்கம்ங்க.

பழைய கார்களோட முன் சக்கர மூட்டுல வர்ற ட்ரனியன்ங்கிற (trunnion) கட்டிக்கு தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு கேட்ட இந்த இழைய ஆரம்பத்துலேர்ந்து படிச்சிட்டுதான் இருக்கேன். சுழலச்சு, தாங்குமுளை, தோளச்சு, மரைக்கீல்னு சொல்லு மேல சொல்லா வந்து விழுது, ஆனா பாதிப் பேர் அந்த சாமான கையில எடுத்துப் பார்க்காம அகராதிய மட்டும் பார்த்துக் கட்டுறாங்களோன்னு ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு கராஜுல வெச்சு பிரிச்சு மாட்டுறவங்களுக்கு ஒரு சொற்பட்டியல் போடணும்னுதான் இது தொடங்குச்சு. அதனால அந்த வண்டியில இது என்ன வேலை பாக்குதுன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் என் சொல்ல வைக்கிறேன்.

> ட்ரனியன் என்பது பீரங்கியின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் அச்சுத்தானே. தோளச்சு என்றாலே போதும்.

ஐயா, பீரங்கிக்கு அது அருமையான சொல், அத அப்படியே வெச்சுக்கலாம். தூக்குப்பாலத்துக்கும் பொருந்தும். ஆனா ஸ்பிட்ஃபயர்ல அந்தப் பேரு பாதி வேலையத்தான் சொல்லுது. முன் சக்கரத்துக்கு உள்பக்கமா குனிஞ்சு பாருங்க. சக்கரம் மாட்டுற ஹப்பையும் பிரேக் கட்டையைப் பிடிக்கற காலிப்பரையும் தாங்கிக்கிட்டு நிமிர்ந்து ஒரு இரும்புத் தண்டு நிக்கும், வெர்டிகல் லிங்க்னு சொல்றது அதைத்தான். அதோட மேல்முனை ஒரு பால் ஜாயிண்ட்ல, அதாவது குண்டு மூட்டுல, போய் சேருது. கீழ்முனையில திருகாணி மாதிரி மரை வெட்டியிருக்கும், அந்த மரை மஞ்சளா ஒரு செம்புக் கலவைக் கட்டிக்குள்ள திருகி உக்காந்திருக்கும், அந்தக் கட்டிதான் ட்ரனியன். கட்டியோட அடியில குறுக்கால ஒரு ஓட்டை, அது வழியா ஒரு போல்ட்டு போய் லோயர் ஆர்ம்ல, அதாவது சக்கரத்தை வண்டியோட பிடிக்கற கீழ்ச்சட்டத்துல, கோக்குது, நடுவுல நைலான் புஷ்னு ஒரு உறை. சக்கரம் பள்ளத்துல இறங்கி ஏறும்போது கட்டி அந்தக் குறுக்குப் போல்ட்டை சுத்தி ஆடும். பீரங்கி அச்சு மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான், இங்கிலீஷ்காரன் பேரு வெச்சதும் இதைப் பார்த்துத்தான்.

ஆனா ஸ்டீயரிங்கை திருப்பினா நடக்கறது வேற. அப்போ தண்டு அந்த மரைக்குள்ளயே திரும்புது. அதாவது நீங்க ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் ஒரு திருகாணியை கொஞ்சம் கழட்டி கொஞ்சம் மாட்டுறீங்க, அவ்வளவுதான் விஷயம். இதே மூட்டு இருக்கற இன்னொரு ட்ரையம்ஃப் காரான ஹெரால்டு சுமார் 25 அடி வட்டத்துல திரும்பிடும்னு ட்ரையம்ஃப்காரங்க பெருமையா விளம்பரம் பண்ணாங்க இல்லையா, அந்த அளவுக்கு சக்கரம் மடங்குறப்போ முழுசும் இந்த மரையிலதான் திரும்புது. இடதுபக்க மரையும் வலதுபக்க மரையும் எதிரெதிர் திசையில வெட்டினது, ஒண்ணு இன்னொண்ணுக்கு சேராது, கடையில வாங்கும்போது எந்தப் பக்கம்னு கேட்டு வாங்கணும்.

இன்னொண்ணும் கவனிக்கணும். காயில் ஸ்பிரிங் உக்காந்திருக்கறது லோயர் ஆர்ம் மேல. வண்டியோட பாரம் ஸ்பிரிங் வழியா ஆர்மை கீழ அழுத்துது, சக்கரம் தண்டை மேல பிடிச்சு நிக்குது. அப்படின்னா நடுவுல இருக்கற மரை நசுங்கல, இழுபடுது. அந்த மூலையோட பாரம் பூரா அந்த சில மரைச் சுத்துல தொங்குதுன்னு சொல்லணும். சுழலச்சு, தாங்குமுளை இந்த ரெண்டு சொல்லும் எனக்கு ஒத்துவராததுக்கு காரணம் இதான், ரெண்டுலயும் மரையே இல்ல.

> எண்ணெயா கிரீஸா என்பது மெக்கானிக் கேள்வி, கலைச்சொல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்குங்க. ட்ரையம்ஃப் கையேடு சொல்றது இ.பி. 90 கியர் ஆயில், பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற பல்சக்கரப் பெட்டியான டிஃப்ரன்ஷியல்ல ஊத்துற அதே வகை. கட்டியில ஒரு சின்ன பிளக் இருக்கும், அதக் கழட்டிட்டு ஒரு நிப்பிளை, அதாவது எண்ணெய் உள்ள போற சின்ன முனையை, மாட்டி, எண்ணெய் நிரப்பின கன்னால (கையால அழுத்துற பம்பு), மேல சீல் பக்கம் எண்ணெய் கசியுற வரைக்கும் அழுத்தணும். இப்போ கூத்து என்னன்னா, அந்த நிப்பிளுக்குப் பேரு கிரீஸ் நிப்பிள், அந்தக் கன்னுக்குப் பேரு கிரீஸ் கன். பேரைப் பார்த்தவன் என்ன பண்ணுவான், கிரீஸைத்தான் அடிப்பான். கிரீஸ் மரையோட இடுக்கெல்லாம் போய் சேராது, நாளாக நாளாக காஞ்சு கட்டியாயிடும், புது எண்ணெய் உள்ள போற வழியையும் அடைச்சிடும். மழைத்தண்ணி மட்டும் எப்படியோ உள்ள போய் தங்கிடும், அதுவும் இங்கிலாந்துல குளிர்காலத்துல ரோட்டுல உப்பு வேற போடுவாங்க. செம்புக் கலவைக்கு ஒண்ணும் ஆகாது, இரும்புத் தண்டோட கழுத்துலதான் துரு விழும். துரு ஏறி மரை இறுகினதும் ஸ்டீயரிங் திருப்புற விசை அந்தக் கழுத்துல முறுக்கா விழுது, ஏற்கெனவே அது இழுபட்டுக்கிட்டு நிக்கிற இடம் வேற. ஒருநாள் பார்க்கிங்ல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு திருப்புறப்போ டக்குனு ஒடிஞ்சு சக்கரம் மடிஞ்சு படுத்துக்கும், வண்டி மூக்கு குத்தி நிக்கும். மெதுவா போறப்போ ஒடிஞ்சா அதிர்ஷ்டம்.

பேருல எண்ணெய் தெரியணும்னு நான் பிடிவாதம் பிடிக்கறதுக்கு இதான் காரணம். வேணும்னா நிப்பிளுக்கு எண்ணெய்மூக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கலாம், நிப்பிளோட முனை மூக்கு மாதிரிதான் இருக்கும், ஆனா அது இன்னொரு இழைக்கு.

இப்போ என் சொல். பழைய வீட்டுக் கதவு பார்த்திருப்பீங்க, கீல் கிடையாது, கதவுப் பலகையோட ஓரத்துல மேலயும் கீழயும் ஒரு முனை நீட்டிட்டு இருக்கும், அது நிலையில இருக்கற குழிக்குள்ள உக்காந்து திரும்பும். அந்த முனைக்குப் பேரு குடுமி. கதவு கிறீச்சுன்னா ஆச்சி என்ன பண்ணுவாங்க, குடுமியில ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவாங்க. தண்டோட மரை வெட்டின கீழ்முனையை மரைக்குடுமின்னு சொல்லுவோம். அது உக்கார்ற செம்புக் கட்டியை, அதாவது ட்ரனியனை, குடுமிக்கூடுன்னு சொல்லுவோம். பேரிங் உக்கார்ற எடத்தை கூடுன்னு சொல்றது புதுசு இல்லையே. கதவுக் குடுமி பாரத்தை கீழ அழுத்துது, இது இழுபடுதுன்னு யாராச்சும் கேக்கலாம், நியாயம்தான், அதுக்குத்தான் முன்னாடி மரை சேர்த்தது.

> குடுமி என்றால் எல்லாரும் தலைமுடியைத்தான் நினைப்பார்கள், சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். இந்தக் குழுவுல நடக்கறதே பாதி குடுமிப்பிடி சண்டைதானே. சிரிச்சா சொல் மனசுல நிக்கும், தாங்குமுளைன்னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க, அடுத்த வாரம் மறந்தும் போயிடுவாங்க.

> மரைக்கீல் எளிமையாக இருக்கிறது, இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கீல் தெரியும், குடுமி தெரியாது.

தம்பி, இதுதான் உருப்படியான எதிர்வாதம், நானும் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் சாஞ்சிட்டேன். ஆனா கீல்னா மொத்த மூட்டுக்கும் ஒரே பேரு. வண்டி பிரிக்கறவனுக்கு ரெண்டு சாமானுக்கு ரெண்டு பேரு வேணும், ஏன்னா தேயறது ஒண்ணு, ஒடியறது இன்னொண்ணு. கூடு தேஞ்சிருந்தா கூட்டை மட்டும் வாங்கலாம், குடுமியில துரு இருந்தா தண்டையே மாத்தணும். மரைக்கீல் போச்சுன்னு ஒருத்தர் எழுதினா அவருக்கு என்ன பதில் சொல்றது? அதனால மூட்டு முழுக்கவும் வேணும்னா மரைக்கீல், உள்ள இருக்கற ரெண்டுக்கும் குடுமி, கூடு. உங்க சொல்லும் வீணாகல.

> ஐரோப்பியப் பழைய கார்களுக்குத் தமிழில் சொல் எதற்கு? யார் பயன்படுத்தப் போகிறார்கள்?

அக்கா, இந்த சாமான் ஒரு காலத்துல மெட்ராஸ் ரோட்டுல ஓடினதுதான். ஸ்பிட்ஃபயரோட அடித்தளமே ஹெரால்டோட சேசிஸை குட்டையாக்கினது, ரெண்டுக்கும் உருவம் வரைஞ்சது இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி. ஹெரால்டு 1959-ல வந்துச்சு, ஸ்பிட்ஃபயர் 1962 அக்டோபர்ல லண்டன் மோட்டார் ஷோவுல. நடுவுல 1961-ல லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபை வாங்கினப்போ, காசில்லாம நிறுத்தி வெச்சிருந்த ஸ்பிட்ஃபயரோட முன்மாதிரி வண்டி ஒரு மூலையில துணி மூடிக் கிடந்துச்சுன்னும், வந்தவங்க துணிய தூக்கிப் பார்த்துட்டு செய்ங்கன்னு சொல்லிட்டாங்கன்னும் ஒரு கதை உண்டு. அதே 1961-லதான் நம்ம ஊர்ல ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கட்ட ஆரம்பிச்சாங்க. பின்னாடி நாலு கதவு ஹெரால்டு வேற செஞ்சாங்க, அது இங்கிலாந்துலயே கிடையாது. அந்த வண்டி முன் சக்கரத்துலயும் இதே குடுமிதான். லோட்டஸ் கம்பெனியோட எலான் கார்லகூட ட்ரையம்ஃபோட இந்தத் தண்டை வாங்கித்தான் மாட்டினாங்க. அதனால இது நம்ம ஊரு கராஜுக்கும் சேர்ந்த சாமான்தான்.

சொல் வேலைக்கு ஆகுமான்னு பார்க்க, பிரிக்கற முறையை அதை வெச்சே எழுதிப் பார்த்தேன், படிச்சுட்டு சொல்லுங்க:

பானெட்டைத் தூக்குங்க. ஸ்பிட்ஃபயர்ல மூக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கம் சாயும், டயர் மேலயே உக்காந்து வேலை பார்க்கலாம், இந்த ஒரு வசதிக்காகவே இந்த வண்டியை கும்பிடலாம். ஜாக்கி வெச்சு தூக்கி, கண்டிப்பா ஸ்டாண்டு மேல இறக்குங்க, ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஒரு ஆளை பிரேக்கை அழுத்தச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, இப்போ ஆட்டம் போயிட்டா அது வீல் பேரிங், போகலேன்னா மூட்டுல, பெரும்பாலும் குடுமிக்கூட்டுலயோ புஷ்லயோ. அப்புறம் காலிப்பரை ஹோஸ் கழட்டாம எடுத்து கம்பியில கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்கக் கூடாது. ஸ்பிரிங்கோட விசையை அடக்காம குறுக்குப் போல்ட்டைத் தட்டாதீங்க, கை போயிடும். அந்தப் போல்ட்டு புஷ்ஷுக்குள்ள இருக்கற இரும்புக் குழலோட சேர்ந்து துருப்பிடிச்சு ஒண்ணா ஆயிருக்கும், பல வண்டியில ஹேக்ஸா வெச்சு அறுக்கறத தவிர வேற வழி இருக்காது. தண்டைத் திருகி வெளிய எடுத்து, மரைக்குடுமியை நல்லா துடைச்சு வெளிச்சத்துல பாருங்க. கழுத்து சிறுத்திருந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ, மயிரிழை கீறல் தெரிஞ்சாலோ யோசிக்காதீங்க, தூக்கிப் போடுங்க, தேய்ச்சு பாலிஷ் பண்ணி திருப்பி மாட்டுற சாமான் இல்ல இது. மாட்டும்போது கடைசி வரைக்கும் திருகி, அப்புறம் ஒரு சுத்துக்குள்ள பின்னாடி எடுங்க, இல்லேன்னா ஸ்டீயரிங் முழுசா மடங்காது. புது சீல் போட்டு கியர் ஆயிலை அழுத்துங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது.

எனக்கு இதுல எங்கயும் சொல் இடிக்கல. வெர்டிகல் லிங்க்குக்கு செங்குத்து இணைப்புன்னு ஒருத்தர் போட்டிருந்தார், அது மட்டும் வேண்டாங்க, எதை எதோட இணைக்குதுன்னே தெரியல. நிலைத்தண்டும் சரிப்படாது, கதவுக் கணக்குல பார்த்தா நிலை அசையாதது, இதுதான் திரும்புற ஆளு. பந்தக்கால், வாசக்கால்னு சொல்றோமே, சக்கரக்கால்னு வெச்சா போதும். லோயர் ஆர்முக்கு சொல் தேடாதீங்க, எல்லா ஒர்க்ஷாப்லயும் லோயர் ஆர்ம்தான், அப்படியே இருக்கட்டும்.

ட்ரனியனே இல்லாம பால் ஜாயிண்ட் போட்ட மாற்று செட்டும் விக்கறாங்க, அப்போ இந்த சொல்லுக்கே வேலை இல்லையேன்னு கேட்ட நண்பருக்கு, மாட்டுறவங்க மாட்டட்டும், தப்பில்ல. ஆனா ஒழுங்கா எண்ணெய் குடிச்ச குடுமி ரொம்ப காலம் நிக்கும், ஒரிஜினலா வெச்சுக்கணும்னு நினைக்கறவங்கதான் இந்தப் பட்டியலைத் தேடி வருவாங்க.

பட்டியல்ல சேர்க்க என் வரைவு:

குடுமிக்கூடு: ட்ரையம்ஃப் வகை முன் சஸ்பென்ஷன்ல, சக்கரக்காலோட மரைக்குடுமி திருகி உக்கார்ற செம்புக் கலவைக் கட்டி. லோயர் ஆர்ம்ல குறுக்குப் போல்ட்டால கோத்திருக்கும். இடதுபக்கத்தோடது வலதுபக்கத்துக்கு சேராது. இ.பி. 90 கியர் ஆயில் மட்டும், கிரீஸ் கூடாது. பீரங்கி, பாலம் போன்றவற்றுக்கு: தோளச்சு.

மாற்றுக் கருத்து இருந்தா இந்த இழையிலயே எழுதுங்க, தனிமடல் வேண்டாம், எல்லாரும் படிக்கணும். ஓவர்டிரைவுக்கு சொல் கேட்டவர் தனி இழை தொடங்கிடுங்க, அதுல சண்டை போட எனக்கும் நிறைய இருக்கு.