இழை: கடலோரப் படகுக் கழகமும் நீண்ட சன்னலும் – சொல் தேவை, வெள்ளிக்குள்

இழையைத் தொடங்கியவர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்பெயினின் சான் செபாஸ்தியானில், லா கோன்ச்சா வளைகுடா ஓரத்தில் உள்ள படகுக் கழகக் கட்டடம் பற்றிய பாடத்தில் மாட்டிக்கொண்டேன். அய்ஸ்புருவா, லபாயென் என்ற இருவர் வடிவமைத்து 1929இல் எழுந்தது. வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, கப்பலில் இருப்பது போன்ற கம்பிக் கைப்பிடிகள். 1932இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கட்டடக்கலைக் கண்காட்சியிலும் இடம்பெற்றது.

இதில் சுவரின் குறுக்கே நீளமாக ஓடும் கண்ணாடிச் சன்னலை 'ரிப்பன் விண்டோ' என்கிறார்கள். 'நாடாச் சன்னல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். திருப்தி இல்லை. உதவுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

நாடா வேண்டாம். ஒலிநாடா, பாவாடை நாடா, தறியில் ஓடும் நாடா என்று அது ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. சன்னலும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல். நம்மிடம் 'காலதர்' இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகாரின் மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் 'வேயா மாடமும் வியன்கல இருக்கையும் மான்கண் காலதர் மாளிகை இடங்களும்' என்கிறது. அதுவும் கடற்கரை நகரம்தான். 'நீள்காலதர்' என்று வையுங்கள்.

அந்த அடியிலேயே உங்கள் தட்டைக் கூரைக்கும் சொல் கிடைக்கிறது பாருங்கள். வேயா மாடம் என்றால் மேலே கூரை வேயாத மாடம், அதாவது நிலாமுற்றம்.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

ஐயா, காலதர் அழகான சொல். ஆனால் இந்தச் சன்னலின் முதல் வேலை காற்று இல்லை. வெளிச்சமும் காட்சியும்தான். பல கட்டடங்களில் இதன் பெரும்பகுதி திறக்கவே திறக்காது.

இது எப்படி வந்தது என்று பார்த்தால் பெயர் தானாக அமையலாம். பழைய கட்டடத்தில் பாரத்தைச் சுவர் தாங்கும். அதில் அகலமாகத் திறப்பு விட்டால் மேல்சுவர் உட்காரும். அதனால் சன்னல்கள் ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருந்தன. கான்கிரீட்டும் எஃகும் வந்த பிறகு தூண்களைச் சற்று உள்ளே தள்ளி நிறுத்தி, தளத்தை அவற்றைத் தாண்டி வெளியே நீட்டினார்கள். சுவருக்குச் சுமை போயிற்று. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கண்ணாடி ஓட முடிந்தது அதனால்தான். நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கொர்பூசியே ஜெனீவா ஏரிக்கரையில் தன் பெற்றோருக்குக் கட்டிய சிறிய வீட்டில் 11 மீட்டருக்கு ஒரே சன்னல். அவருடைய பழைய குரு ஓகுஸ்த் பெரே இதை ஏற்கவில்லை. மனிதன் நிற்பவன், சன்னலும் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆகவே இங்கே முக்கியம் இரண்டு: கிடையாக இருப்பது, இடையில் சுவர் வராதது. 'கிடைச்சன்னல்' என் முன்மொழிவு.

இலக்கிய ஆய்வாளர் எழுதியது:

கிடை என்றதும் ஆட்டுக்கிடைதான் நினைவுக்கு வருகிறது. இன்னொரு வழி சொல்கிறேன். அதே சிலம்பில் மனையறம் படுத்த காதையில் 'கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து' தென்றல் வருகிறது. குறுங்கண்ணுக்கு எதிர் நெடுங்கண். 'நெடுங்கண் சாளரம்' என்றால் இலக்கணமும் இடறவில்லை, படமும் கண்முன் வருகிறது. பலகணி ஆகாது. பல கண் உடையது அது. இங்கே இருப்பது ஒரே கண்.

தமிழாசிரியர் எழுதியது:

சாளரம் வடமொழி 'ஜால'த்தோடு உறவுள்ளது என்பார்கள். மேலும் 'நெடு' உயரத்துக்கும் வரும். நெடுநிலை மாடம் அகலமான மாடம் இல்லையே. நெடுங்கண் சாளரம் என்றால் மாணவன் பெரே சொன்ன நிற்கும் சன்னலையே வரைவான்.

அப்புறம் ஒன்று. 'கழகம்' எப்படி வந்தது? 'கவறும் கழகமும் கையும் தருக்கி' என்கிறது குறள். சூதாடும் இடம் அது. 'படகு மன்றம்' என்று மாற்றுங்கள்.

கல்லூரி ஆசிரியை எழுதியது:

கழகத்தை விட்டுவிடுங்கள் ஐயா. பல்கலைக்கழகத்தில் யாரும் கவறு உருட்டவில்லை.

நான் இந்தப் பாடத்தை வகுப்பில் எடுப்பவள். காலதர் என்று பலகையில் எழுதினால் கால்மணி நேரம் அந்தச் சொல்லுக்கே போய்விடும், கட்டடம் அப்படியே நிற்கும். தட்டைக் கூரைக்கு எல்லோருக்கும் தெரிந்த மொட்டைமாடி இருக்கிறது. சன்னலுக்கு 'தொடர்சன்னல்' போதும். தொடர்கதை போல வினைத்தொகை, ஒற்று மிகாது.

இலக்கிய ஆய்வாளர் எழுதியது:

தொடர்கதை துண்டு துண்டாக அல்லவா வரும்? தொடர்வண்டியும் பெட்டி பெட்டியாகத்தான் ஓடுகிறது. அறுபடாமல் இருப்பதே இதன் சிறப்பு என்று பொறியாளர் இப்போதுதான் சொன்னார்.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

கிட்டப் போய்ப் பார்த்தால் இதுவும் துண்டுகள்தான். இடையிடையே மெல்லிய உலோகச் சட்டம் வரும், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கண்ணாடி. சுவர் மட்டும்தான் குறுக்கே வராது. தொலைவிலிருந்து ஒரே கீற்றாகத் தெரிகிறது, அவ்வளவே. ஆகவே தொடர்சன்னல் பொய் சொல்லவில்லை. என் கிடையை விட்டுக்கொடுக்கிறேன்.

இழையைத் தொடங்கியவர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தொடர்சன்னலுக்கு மூவர், என்னையும் சேர்த்து. அதையே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'சுவர் குறுக்கிடாமல் கிடையாக ஓடும் சன்னல்' என்று ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். தட்டைக் கூரை தட்டைக் கூரையாகவே இருக்கட்டும். மொட்டைமாடி என்றால் வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது. கழகம் கழகமாகவே இருக்கும். அடுத்த பாடம் இங்கிலாந்தில் ஜோசப் எம்பர்ட்டன் 1931இல் கட்டிய ராயல் கொரிந்தியன் படகுக் கழகம். அங்கே மாடி மாடியாக வெளியே நீளும் முகப்புகள் இருக்கின்றன. அப்படி ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீளும் 'கேண்டிலீவர்' அமைப்புக்கும் சொல் யோசித்து வையுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். வேயா மாடத்தையாவது அடைப்புக்குறிக்குள் போடலாம். கேண்டிலீவருக்குக் 'கொடுங்கை' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது கோயில் கூரையில் வளைந்து இறங்கும் உறுப்பு, வேறு பொருள். விரிவாக நாளை எழுதுகிறேன்.