குவாவா இவென்ட்பஸ், கேமல்: நடுவில் எதை வைப்பது?

வணக்கம் நண்பர்களே. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாவாவில் நிரல் எழுதுகிறேன். இயந்திர நிகழ்வுகள் குவாவா இவென்ட்பஸ்ஸில் (நிரலின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நிகழ்வுகளை அனுப்பும் ஜாவா கருவி) வருகின்றன. அவற்றை அப்பாச்சி கேமலுக்குள் (வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் கருவி) எடுக்கிறேன். முதலில் இவென்ட்கிளாஸ் (எந்த வகை நிகழ்வு வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) கொடுக்க மறந்ததால் எல்லா நிகழ்வும் உள்ளே கொட்டியது. சரி, அதைத் திருத்தியாச்சு.

இப்போது வேறு தலைவலி. சாதாரண இவென்ட்பஸ், போஸ்ட் (நிகழ்வை அனுப்பும் கட்டளை) அழைத்த திரெட்டிலேயே (நிரலின் ஒரு செயல் இழை) வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பும். தரவுத்தளம் தாமதித்தால் அந்த திரெட்டும் நிற்கிறது. நடுவில் சேடா (நிகழ்வுகளை வரிசையில் போட்டு வேறு திரெட்டில் கவனிக்கும் கேமலின் பகுதி) வைத்தேன், தேங்கவில்லை. ஆனால் அதன் வரிசை நினைவகத்தில்தான். மின்சாரம் போனால் அதுவும் போச்சு. வேலையை வேறு திரெட்டுக்குத் தள்ளும் ஏசிங்க் இவென்ட்பஸ் போட்டாலும் இதே கதைதானே? இதற்காகச் செய்திகளை வட்டில் சேமித்து வைக்கக்கூடிய ஆக்டிவ்எம்கியூ சேவையகத்தைத் தனியாக நிறுவுவது எனக்கு அதிகமாகப் படுகிறது.

அது இல்லாமல், நிகழ்வுகள் தொலையாதபடி யாராவது இதை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தைப்பூசத்துக்குள் முடிக்க வேண்டும், அப்புறம் நான் தண்ணீர்ப்பந்தலில்தான் இருப்பேன்.