படம் எடுக்கப் போகுமுன் வாசிக்க வேண்டுமா?

வடலி (கிளிநொச்சி) எழுதியது:

"எடுக்கிறதுக்கு இஞ்சை ஒன்றும் மிச்சமில்லை" என்று போன கிழமை ஒரு தம்பி எழுதியிருந்தார். இரணைமடுக் குளம் வான்பாய்வதை எடுத்தாயிற்று, ஆனையிறவு உப்பளத்தை எடுத்தாயிற்று, முறிகண்டியில் தேங்காய் உடைப்பதையும் எடுத்தாயிற்று, இனி என்ன என்பது அவருடைய கவலை. வந்த பதில்கள் எல்லாம் புது லென்ஸ் வாங்கு, ட்ரோன் பறக்கவிடு, பூநாரை பார்க்க வங்காலைக்குப் போ என்ற மாதிரித்தான் இருந்தன.

நான் சொல்வது வேறு. கமராவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசியுங்கள். கதை, கவிதை, பழைய கடிதம், எது என்றாலும் சரி. ஒரே ஊரில் இருந்து படம் எடுக்கிறவனுக்குக் கண் பழகிவிடுகிறது. நிற்கிற இடத்தில்தான் மறுபடியும் நிற்போம். முறிகண்டியையே எடுத்துக்கொள்வோம். ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் அங்கே நிற்கும். நாங்கள் கோயிலையும் கச்சான் கடைகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். நெடுந்தூர பஸ் சாரதி ஒருவரின் வீட்டைப் பற்றிய சிறுகதை ஒன்றை வாசித்த கையோடு ஒருநாள் அங்கே போனேன். இறங்காமல் இருப்பவர்கள்தான் கண்ணில் பட்டார்கள். சீற்றில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கும் சாரதி. மடியில் பிள்ளை தூங்குவதால் எழும்ப முடியாத தாய். யன்னலுக்கு வெளியே நீட்டிய கையில் திருநீற்றை வைக்கும் இன்னொரு கை. அந்தக் கதையில் முறிகண்டி என்ற பெயரே கிடையாது. ஆனால் அதை வாசிக்காவிட்டால் இந்தப் படங்களில் ஒன்றும் என்னிடம் இருந்திராது.

இது புது வழியும் இல்லை. பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1874இல், கவிஞர் டெனிசன் கேட்டதற்காக, ஆர்தர் மன்னரைப் பற்றிய அவருடைய கவிதைகளுக்குப் படம் எடுத்தார். அடுத்த வருசமே இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தவர் அவர்.

கரைவலை (முல்லைத்தீவு) எழுதியது:

தம்பி வடலி, உன் முறிகண்டிப் படங்களைப் பார்த்தேன், நல்ல படங்கள். ஆனால் நீ சொல்கிற வழி எங்கள் ஊருக்கு ஆபத்தான வழி. ஏன் என்று சொல்கிறேன்.

வன்னியைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம் இல்லை. 2009இல் போர் முடிந்த பிறகு வந்து இறங்குகிற படப்பிடிப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது வாசித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வடு, எச்சம், மௌனம், மீண்டெழுதல் என்ற சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்துகிற ஆட்களைத் தேடுகிறார்கள். தலையில்லாத பனை கிடைத்தால் சந்தோசம். எங்கள் சின்னம்மாவை நந்திக்கடல் பக்கம் ஒருவர் படம் எடுத்தார். அவ இறாலுக்கு அன்றைக்கு நல்ல விலை கிடைத்த சந்தோசத்தில் நின்றவ. "சிரிக்காதீங்கோ அம்மா, தூரத்தைப் பாருங்கோ" என்று சொல்லித்தான் எடுத்தார். அந்தப் படம் எங்கேயோ அச்சில் வந்ததாம். அதில் நிற்பது எங்கள் சின்னம்மா இல்லை. அவர் வாசித்த பக்கம்.

நீ சொன்ன அந்த அம்மையாரும் அப்படித்தானே? உறவினருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் வேசம் கட்டி அரசியும் வீரனும் ஆக்கினார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்'. டெனிசனின் ஆட்களுக்கெல்லாம் பெயர் உண்டு, அந்தப் படத்தின் தலைப்பில் ஒருவருக்கும் பெயரில்லை.

நான் விடியக் கரைக்குப் போவேன். வலை வளைத்து இழுக்கத் தொடங்கினால், இரண்டு பக்கக் கயிறும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும்வரை நிற்பேன். எதையும் வாசித்துவிட்டுப் போவதில்லை. கயிறு இழுபடுகிற வேகத்தைப் பார்த்தே வலையின் மடியில் மீன் இருக்கா இல்லையா என்று இழுக்கிறவர்களின் முகம் மாறும். அதை எந்தப் பக்கமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நின்று பார்த்துப் பழகினது.

புதுக்கமரா (வவுனியா) எழுதியது:

கேட்டது நான்தான். அண்ணாமார் இரண்டு பேர் சொல்வதும் சரி போலத்தான் படுகிறது. எதைச் செய்வது?

பாலைமரம் (ஒட்டுசுட்டான்) எழுதியது:

நான் படிப்பித்து ஓய்வு பெற்றவன், கமரா பிடிக்கத் தொடங்கியது பிறகுதான். கரைவலை சொல்கிற கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் வாசிப்பின் மேல் போகக்கூடாது. அவர்கள் நிறைய வாசித்தவர்கள் அல்ல. ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்.

எங்கள் மொழியில் நிலத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, சங்கப் பாட்டுகளின் திணை முறை. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே உள்ள மரம், பறவை, தொழில், உணவு. உரிப்பொருள் அந்த நிலத்து மனநிலை. முல்லை என்றால் காடு, கார்காலம், மாலை நேரம், இருத்தல், அதாவது தலைவனுக்காகத் தலைவி காத்திருப்பது. கடற்கரையான நெய்தலுக்கு எற்பாடு, பொழுது சாயும் நேரம்; வயலான மருதத்துக்கு வைகறை. படம் எடுக்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்தில் நிற்பது, படச் சட்டத்துக்குள் எதை விடுவது, என்ன உணர்வுக்காகக் காத்திருப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் காடும் வயலும் கடலும் வரும். மாலையில் காட்டோரமாக மாடு பட்டிக்குத் திரும்புவதை, அந்த நேரத்தின் மங்கலோடு எடுத்துப் பாருங்கள். நடுப்பகல் வெயிலில் அதே மாடு வெறும் மாடுதான்.

கரைவலை எழுதியது:

மாஸ்டர், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்றுதானே படிப்பித்தீர்கள்? எங்கள் பக்கம் ஆவணியில் மழை எங்கே? குளம் வற்றி, அலைகரை வெடித்துக் கிடக்கிற மாதம் அது. மழை ஐப்பசி கார்த்திகையில்தான். பக்கத்தை நம்பிப் போனால் புழுதியைத்தான் எடுக்க வேண்டும்.

பாலைமரம் எழுதியது:

புழுதியைத்தான் எடுக்க வேண்டும், அதுவேதான்! நீர் கேட்டதால் சொல்கிறேன். இந்தப் பொருத்தமின்மை தெரிந்த பிறகுதான் புரட்டாசியை நான் பார்க்கத் தொடங்கினேன். மானாவாரிக் காணிக்காரர் மழைக்கு முதலே காய்ந்த மண்ணை உழுது புழுதி விதைப்பு செய்வார்கள். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் மண் முகில் மாதிரி எழும்பும், மேலே முகிலே இராது. விதைத்தவர் வரம்பில் நின்று வடகிழக்கைப் பார்ப்பார். மழை பிந்தினால் விதை போய்விடும், அந்தப் பணமும் போய்விடும். முல்லைக்கு இருத்தல் என்று சொன்னது தலைவிக்கு மட்டுமா? அந்த வரம்பில் நிற்பவரிடம் அதை நான் கண்டேன். பக்கம் சொன்ன மாதத்தில் மழை இல்லை, அது சொன்ன காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. படித்திராவிட்டால் புரட்டாசியில் நான் கமராவைத் தூக்கியே இருக்க மாட்டேன், பச்சை வரட்டும் என்று மார்கழிவரை இருந்திருப்பேன்.

கண்டாவளை வயல் எழுதியது:

நீங்கள் எல்லாரும் அச்சில் வந்ததைப் பற்றியே கதைக்கிறீர்கள். என்னைப் படம் எடுக்க வைத்தது அம்மாவின் கணக்குக் கொப்பி.

ஒற்றை ரூல் கொப்பி, மட்டை போய்விட்டது, தைத்த நூல் வெளியே தெரிகிறது. இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு. உழவு, வரம்பு கட்டல், விதைநெல், யூரியா, மருந்தடிப்பு, வெட்டுக்கூலி, சூடடிப்பு, சாக்கு, சணல். அம்மாவின் எழுத்து சாய்வே இல்லாத நேர் எழுத்து, எண்கள் மட்டும் அவசரமாக இருக்கும். 2008 பெரும்போகத்துக்கு விதைநெல் என்று எழுதி, எதிரே தொகை எழுதாமல் நிற்கிறது. பிறகு வெற்றுப் பக்கங்கள். பிறகு அதே கொப்பியில், வேறு மையில், திரும்பி வந்த பிறகான கணக்கு.

அந்தச் செலவு வரிசையை வைத்துக்கொண்டுதான் ஒரு போகம் முழுக்க எடுத்தேன். ஒரு வரிக்கு ஒரு படம். இல்லாவிட்டால் பச்சை வயலையும் அறுவடையையும் எடுத்துவிட்டு ஓய்ந்திருப்பேன். சணல் என்ற வரிக்கு எதை எடுப்பது? மூடை தைக்கிற இடத்தில் போய் இருந்தேன். சாக்கின் வாயை இரண்டு தரம் மடிக்கிறார்கள். சாக்கூசியை உள்ளங்கையால் தள்ளி, மறுபக்கம் விரலால் பிடித்து இழுக்கிறார்கள். சணல் இறுகும்போது நெல் உள்ளே ஒருமுறை இருந்து கொடுக்கிற சத்தம் கேட்கும். கடைசியில் இரண்டு மூலையிலும் காது மாதிரி கட்டுகிறார்கள், அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஊசி தள்ளித் தள்ளி அந்த அண்ணையின் உள்ளங்கை நடுவில் தோல் காய்த்துப்போய் இருக்கிறது. நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அந்தக் கை. இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது, சூடடிப்பு என்ற வரிக்கு எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

கரைவலை எழுதியது:

அக்கா, இதற்கு நான் எதிர் இல்லை. உங்கள் பக்கத்தை எழுதியவ வயலில் நின்றவ. என் வழக்கு அதுதான்: எழுதியது யார்?

கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்து நடுகல் ஒன்று இருந்தது. 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் இந்த இடத்துக்கு அருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தார்கள். அதே வருசம் ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தானே, அதை அந்தக் கல்லில் வெட்டவில்லை. அந்த எழுத்தை வாசித்துவிட்டுப் படம் எடுக்கப் போகிறவன் தோல்வி நடந்த இடத்தைத்தான் தேடுவான். இப்போது எங்களைப் பற்றி வருகிற எழுத்தும் பெரும்பாலும் அதே மாதிரிதான்.

வடலி எழுதியது:

அண்ணை, அந்தக் கல்லை வைத்தே நான் உங்களுக்கு மறுப்புச் சொல்வேன். ஓகஸ்ட் 25 உங்களுக்கு எப்படித் தெரியும்? அதையும் யாரோ எழுதி, நாங்கள் வாசித்ததால்தானே. ஒரு பக்கத்தை வாசித்தவன் அதற்கு அடிமையாவான், பல பக்கம் வாசித்தவனுக்குத்தான் கல்லில் எது வெட்டப்படவில்லை என்று தெரியும். கல்லை எடுக்கும்போது சட்டத்துக்குள் அதோடு வேறு எதைச் சேர்ப்பது என்றும் அவன்தான் யோசிப்பான்.

எழுத்துக்கு அப்படியே படம் போட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. 1941இல் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் எட்வர்ட் வெஸ்ற்றனிடம் வால்ட் விட்மனின் கவிதைகளுக்குப் படம் கேட்டபோது, வரிக்கு வரி விளக்கப்படம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்தார். கவிதையில் இல்லாத ஆட்களையும் மயானங்களையும் பாலங்களையும் எடுத்து வந்தார்.

எங்கள் கோயில்களில் புராண படனம் கேட்டிருப்பீர்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பயன் சொல்கிறவர் அந்தச் சபையில் இருக்கிறவர்களைப் பார்த்துத்தான் சொல்வார், அன்றைக்கு ஊரில் நடந்ததும் அதில் வந்துவிடும். பாட்டு மாறாது, பயன் ஒவ்வொரு முறையும் வேறு. நான் கமராவோடு செய்ய நினைப்பது அந்த இரண்டாவது ஆளின் வேலை.

கரைவலை எழுதியது:

பயன் சொல்கிறவர் சபையின் முன்னால் இருந்து சொல்கிறார். பிழையாகச் சொன்னால் கிழவர் ஒருவர் அங்கேயே மறித்துக் கேட்பார். உன் படத்துக்கு அப்படி மறிக்க ஆள் உண்டா? சின்னம்மாவுக்கு அந்த வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே என் நிபந்தனை இதுதான். வாசித்துவிட்டுப் போ, தடுக்கவில்லை. என்ன வாசித்தாய், ஏன் வந்தாய் என்பதை, படம் எடுக்கப்படுகிற ஆளிடம் முதலிலேயே சொல். படத்துக்குக் கீழே என்ன வரி போடப் போகிறாயோ அதை அவருக்கு வாசித்துக் காட்டு. அவர் வேண்டாம் என்றால் வரியும் இல்லை, படமும் இல்லை. இதற்குச் சம்மதம் என்றால் நான் இந்த விவாதத்தை நிறுத்துகிறேன்.

வடலி எழுதியது:

வரியை வாசித்துக் காட்டுவதற்குச் சம்மதம். படம் எடுக்க முதலே எல்லாம் சொல்வதற்கு இல்லை. சொன்னால் முகம் மாறிவிடும், பஸ்ஸில் கண்ணை மூடியிருந்த சாரதி எழும்பி நேராக இருந்துவிடுவார். எடுத்த பிறகு காட்டுவேன், கேட்பேன், அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழிப்பேன்.

கரைவலை எழுதியது:

அப்போ பாதிதான் ஒத்து வந்திருக்கிறோம்.

கண்டாவளை வயல் எழுதியது:

நான் அம்மாவிடம் ஒவ்வொரு படத்தையும் காட்டினேன். யூரியா வரிக்கு எடுத்ததைப் பார்த்து "இப்பிடி எறிஞ்சால் ஒரு பக்கம் கருகும், ஆரப்பா இது?" என்று கேட்டா. அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். கரைவலை கேட்கிற மறிப்பு எனக்கு வீட்டிலேயே கிடைத்தது.

புதுக்கமரா எழுதியது:

அப்பாவிடம் பழைய சைக்கிள் கடைக் கணக்குக் கொப்பி இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். மாஸ்டர், புழுதி விதைப்பு எப்போது தொடங்கும்? நானும் வரலாமா?

பாலைமரம் எழுதியது:

வாரும் தம்பி. புரட்டாசி நடுப்பகுதிக்குப் பிறகு என்னோடு தொடர்பில் இரும், காணிக்காரர் நாள் பார்த்துத்தான் இறங்குவார்கள். கமராவுக்கு நல்ல உறையொன்று கொண்டு வாரும், புழுதி லென்ஸுக்குள் போனால் எடுப்பது கஷ்டம். காணிக்காரரிடம் நீரே கேட்டுக்கொள்ள வேண்டும், நான் கேட்டுத் தர மாட்டேன்.