புதுப்பிப்பு: நாலு மணி வர்க்கியும் நானும்

மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன்: குன்னூர்க் குளிரில் நாலு மணி ஆனால் டீயும் வர்க்கியும் (எங்கள் நீலகிரி பேக்கரிகளில் கிடைக்கும் மொறுமொறு பண்டம்) இல்லாமல் இருக்க முடியவில்லை, எடை குறைக்கும் முயற்சி ஒவ்வொரு முறையும் அங்கேதான் உடைகிறது என்று. பலர் வர்க்கியை அடியோடு நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தினேன். ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் கால் கிலோ வாங்கி, வீடு வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன். அன்று ராத்திரி அழுதேன்.

அப்புறம்தான் ஒரு அக்கா கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது: "மதியம் என்ன சாப்பிடுற?" ஒரு கரண்டி ரசம் சோறுதான். அப்படியென்றால் நாலு மணிக்கு வந்தது ஆசை மட்டும் இல்லை, பசி! இப்போது மதியம் அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டை, பீன்ஸ் பொரியல், கொஞ்சம் சோறு. பாதிப் போராட்டம் அதிலேயே அடங்கிவிட்டது.

ஐந்து டீ மூன்றானது. ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் முன்பு தினமும் 10 ஸ்பூன், 40 கிராம் சர்க்கரை. இப்போது டீக்கு ஒரு ஸ்பூன்தான், மொத்தம் 12 கிராம்.

வர்க்கி சனிக்கிழமை மட்டும், இரண்டு, தட்டில் வைத்து உட்கார்ந்து. "நான் கெட்டுவிட்டேன்" என்ற எண்ணம் இல்லாமல் சாப்பிட்டால் இரண்டே போதுமாக இருக்கிறது; எனக்கு இதுதான் பெரிய மாற்றம். மற்ற நாளில் ஆசை வந்தால் சிம்ஸ் பூங்கா வரை ஒரு நடை. திரும்புவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும், தூக்கம் கெட்ட நாள் தவிர.

4 கிலோ குறைந்திருக்கிறது. அக்கா, ரொம்ப நன்றி.