ரஷ்யப் பதிவுகள்: 12.6 கோடி பேர் பார்த்தாங்களா?

புள்ளிப்பித்தன்:
"2016 அமெரிக்கத் தேர்தல்ல ரஷ்யாவோட போலிப் பதிவுகளை 12.6 கோடி பேர் பார்த்தாங்க"ன்னு நேத்து கரிசல்காட்டான் எழுதினதைப் படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கல. 2017ல ஃபேஸ்புக்கோட தலைமை வக்கீல் செனட்ல சொன்னது, 2015லேர்ந்து 2017 வரைக்கும் அத்தனை பேரோட ஃபீடுக்கு, அதாவது ஃபேஸ்புக்கைத் திறந்தா வரிசையா வர்ற பதிவுகளுக்குள்ள, அது போயிருக்கலாம்னு ஒரு மதிப்பீடு. அந்த ரஷ்யப் பக்கங்கள்லேர்ந்து நேரடியாப் போனது 2.9 கோடி பேருக்கு. மிச்சமெல்லாம் ஷேர், லைக் வழியா வந்த கணக்கு.

கரிசல்காட்டான்:
12.6 கோடி ஃபேஸ்புக்கே ஒத்துக்கிட்ட எண். அவங்களே ஒத்துக்கிட்டப்புறம் அவங்களுக்கு நீங்க எதுக்கு வக்காலத்து?

புள்ளிப்பித்தன்:
ஃபீடுக்குப் போனா பார்த்ததா ஆயிடுமா? பஸ்ல நின்னுக்கிட்டே கட்டைவிரலால சரசரன்னு தள்ளுறவன் எதைப் பார்த்தான்? விளம்பரத் தொழில்லயே ஒரு விளம்பரப் படத்தோட பாதி ஒரு நொடி ஃபோன் திரையில நின்னாப் போதும், பார்த்ததாக் கணக்குல ஏத்திடுவாங்க. கண்ணு அங்க இருந்துச்சான்னு அளக்குறது இல்ல. ஃபீடுல வந்த ஏறக்குறைய 23,000 பதிவுக்கு ஒண்ணுதான் இதுன்னும் அதே சாட்சியத்துல இருக்கு. அதை ஏன் முழுங்கிட்டீங்க?

நெல்லைத்தம்பி:
அண்ணே, 2023ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த ஆய்வைப் பாருங்க. ட்விட்டர்ல இந்த ரஷ்யக் கணக்குகளோட பதிவுகள்ல 70% வெறும் 1% பேருக்குத்தான் போயிருக்கு. ஓட்டு மாறினதுக்கும் தொடர்பு தெரியல.

கரிசல்காட்டான்:
ஃபேஸ்புக்கைக் கேட்டா ட்விட்டரைக் காட்டுறியே தம்பி! 12.6 கோடிக்குப் பதில் சொல்லு.

புள்ளிப்பித்தன்:
தம்பி, அந்த ஆய்வும் ஃபாலோ பண்ற கணக்குகள் போட்டதை வெச்சுத்தான் கணக்குப் போட்டுச்சு. அதுவும் பார்த்தது இல்ல.

யாழினி:
கம்பெனி கொடுக்குற எண்ணை விட்டா வேற என்ன இருக்கு? ஆய்வாளர்களுக்கு ஃபேஸ்புக் கொடுத்த தரவுல அமெரிக்கப் பயனர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் விடுபட்டது 2021ல வெளிய வந்துச்சு. எந்தப் பதிவு எவ்வளவு பரவுதுன்னு வெளியாள் பார்க்க ஃபேஸ்புக் வெச்சிருந்த கிரவுட்டாங்கிள்ங்கிற கருவியையும் 2024 ஆகஸ்ட்ல மூடிட்டாங்க. வெளியாள் எப்படி அளக்குறது? அதைப் பேசுங்களேன்.

கரிசல்காட்டான்:
அவர் பேச மாட்டார்மா. போன வருஷம் கருத்துக்கணிப்பு இழையில என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட கோவம் இன்னும் தீரல.

புள்ளிப்பித்தன்:
அங்க பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாதவர் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்.

நெல்லைத்தம்பி:
அண்ணே, யாழினி அக்கா கேட்டது...

புள்ளிப்பித்தன்:
இரு தம்பி. முதல்ல அவர் "பார்த்தாங்க"ங்கிறதைத் திருத்தட்டும். 2.9 கோடி, அதுவும் ஃபீடுக்குப் போனது.

கரிசல்காட்டான்:
12.6 கோடி. திருத்த மாட்டேன்.